ஆறாவது விரல்

மன்னார்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெக்கரியாவுக்கு அவசரமாக ஒரு பல்வலி தேவைப்பட்டது.

எல்லாம் காமிக்ஸ் படுத்தும் பாடு. பீரோ கதவைச் சாத்த முடியாத அளவுக்குப் புத்தகம் சேர்ந்துபோய், இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று மனைவி கமருன்னிஸாவுக்குப் போன மாதம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் துபாயிலிருந்து மகன் ஃபாஜில் வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். தஞ்சாவூரில் கண்காட்சி. 'கடல்புலி காத்தமுத்து' கதையின் அசல் பக்கங்கள். ஓவியரே வருகிறார்!

எட்டாம் வகுப்பிலிருந்து ஜெக்கரியாவை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கிலிருந்து குதிக்கும் காத்தமுத்துவின் இடது கையில் ஆறு விரல். ஓவியர் போட்டதா, அச்சில் மை சிந்தியதா? கல்யாணமான முதல் வாரமே இதைக் கமருன்னிஸாவிடம் கேட்டு, "விரலை எண்ணவா என்னைக் கட்டுனீங்க?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். அசலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"பல்லு, கமரு. உயிர் போவுது. தஞ்சாவூர் போய்க் காட்டிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்."

"உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"உயிர் போவுதுங்கிறீங்க. கூட ஆள் வேணாமா?"

டாக்டரையும் அவளே போனில் பிடித்தாள். தஞ்சாவூரில் ஆட்டோ நின்ற இடத்தைப் பார்த்ததும் ஜெக்கரியாவின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே கண்காட்சி மண்டபம்!

"நீ உட்காரு கமரு, நான் ஒரு டீ..."

"டாக்டர் கூப்பிடறாரு, போங்க."

நாற்காலியில் சாய்த்து விட்டார்கள்.

"சொத்தை எங்க இருக்கு?" என்றார் டாக்டர்.

என் சொத்தா? எதிர் மண்டபத்தில்! வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு ஏதோ ஒரு பல்லைக் காட்டினார். அதில் நிஜமாகவே சொத்தை இருந்தது.

"வலியே இல்ல டாக்டர்!"

"ஊசியப் பார்த்துட்டு அப்படிச் சொல்றாங்க. காலையில துடிச்சாங்க டாக்டர். புடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, கூடவே உள்ளே வந்திருந்த கமருன்னிஸா வெளியே போனாள்.

ஜெக்கரியா எழுந்து வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. பாதி முகம் யாருடையதோ போல இருந்தது. கமருன்னிஸா தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். கையில் சுருட்டிய தாள்.

"எதிர்த்தாப்ல ஏசி போட்டிருந்தாங்க, போனேன். அசல் பக்கம் எம்மாம் பெருசு! பென்சில் கோடுகூட அப்படியே தெரியுது."

"ம்ம்? ம்ம்ம்?" ஒரு கையை விரித்து, மறுகையில் ஒரு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"ஆறேதான். ஓவியர் போட்டதுதான். எண்ணிக் காட்டுனேன், அசந்துட்டாரு. இத்தனை வருஷத்துல யாருமே சொல்லலையே, நீங்களாம்மா கண்டுபுடிச்சீங்கன்னாரு."

"ம்ம்?"

"ஆமான்னுட்டேன். உடனே காத்தமுத்துவை வரைஞ்சு, என் பேரெழுதிக் குடுத்தாரு."

ஜெக்கரியாவுக்குக் கண் கலங்கியது. மண்டபத்தைக் காட்டினார், கன்னத்தைக் காட்டினார், 'உனக்கு எப்படி' என்று கையை விரித்தார்.

"உங்க மவன் விளம்பரத்தைப் போட்டது குடும்ப குரூப்புலங்க. அதுல நானும்தான் இருக்கேன்."

அவர் தெருவைத் தாண்டி ஓடப் பார்த்தார். அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க ஓடுறீங்க? கண்காட்சி இன்னையோட சரி, இப்பதான் பூட்டுனாங்க. டாக்டர்தான் இப்ப போன்ல புதன்கிழமையும் வரச் சொன்னாரு. பக்கத்துப் பல்லும் சொத்தையாம்."