மின்னலானின் இருபத்து மூன்றாம் புத்தகம்

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் கப்பல் திரும்பி வருகிற வரைக்கும் இருபத்து மூன்றாம் புத்தகத்தைப் பிரிப்பதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன். கர்த்தர் சாட்சி. வாலண்டைனும் சாட்சி. ஆனால் அவன் அந்தச் சபதத்துக்கு எதிரி.

விவரமாகச் சொல்கிறேன். ரெங்கத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பெயர் செபஸ்தியன். ஆபீசில் எனக்குக் கீழே இரண்டு பேர். வீட்டில் எனக்கு மேலே ஒரே ஒருத்தி, என் மனைவி அமலோற்பவம். சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து மாதம் ஒரு அமெரிக்கப் படக்கதைப் புத்தகம் எனக்குத் தபாலில் வரும். கதாநாயகன் மின்சார நிலையத்தில் வேலை பார்த்தபோது மின்னல் தாக்கி, சாகாமல், ரயிலைவிட வேகமாக ஓட ஆரம்பித்தவன். சிவப்புக் கோட்டு, மஞ்சள் பூட்ஸு. நான் அவனுக்கு மின்னலான் என்று பெயர் வைத்திருந்தேன். உடம்பில் தண்ணீர் பட்டால் அவன் சக்தியெல்லாம் போய்விடும். அப்படியானால் அவன் குளிப்பதே கிடையாதா என்று அமலோற்பவம் ஒரு தடவை கேட்டாள். ஒரு ரசிகனிடம் கேட்கிற கேள்வியா அது?

இருபத்திரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வில்லன் அவனைக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளிவிட்டான். தொபுக்கடீர். தொடரும். அடுத்த புத்தகம் டிசம்பர் முதல் வாரம் வந்து சேர்ந்தது. அதைப் பிரிப்பதற்குள் ஜப்பான்காரன் வந்து சேர்ந்துவிட்டான். காட்டுக்குள் ஓடி ஒளிந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இருபத்து நான்கு இனி வராது. இதைப் படித்துவிட்டால் மின்னலான் எனக்கு முடிந்துபோவான். படிக்காத வரைக்கும் இன்னும் ஒரு புத்தகம் பாக்கி இருக்கிறது. ஒன்றே முக்கால் வருஷமாக அந்த ஒரு நினைப்பில்தான் மரவள்ளிக்கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வாலண்டைனுக்கு இது புரியவில்லை. அவன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர். முதல் இருபத்திரண்டையும் என்னிடம் இரவல் வாங்கிப் படித்தவன்.

"கிராணியாரே, ஆள் செத்தானா பொழைச்சானான்னு தெரியாம சோறு எறங்கல."

"சோறு எங்கய்யா இருக்கு எறங்குறதுக்கு?"

"கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டுங்க லா."

"முடியாது."

"வேணாம் போங்க. உங்க புஸ்தகத்துல ஆள் அசையுறானா? நான் குளுவாங்கு கொட்டகையில வாரம் ஒரு பாகமா பன்னெண்டு வாரம் பாத்தேனே, நெலாவுக்குப் போற படம், அதுல ராக்கெட்டு எப்படிப் பொகை விட்டுக்கிட்டுப் போச்சு!"

"நானும்தான் பாத்தேன். ராக்கெட்டு படுத்துக்கிட்டுப் போவுது, பொகை நேரா மேல போவுது. கட்டித் தொங்கவிட்ட கயிறு கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிஞ்சது."

"கயிறு இல்லாம எப்படிப் பறக்கும்?"

"நெலாவுல இருக்கிற ராஜா இங்கிலீஷ் பேசுறான். யாரு கத்துக்குடுத்தது?"

"நம்ம தோட்டத்துக்கே வந்து கத்துக்குடுத்தவன், அங்க போயிருக்க மாட்டானா?"

நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் நேர்மையான ரசிகன் தன் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். பதினேழாம் புத்தகத்திலிருந்து படம் வரைகிற ஆள் மாறிவிட்டான். மின்னலானுக்குக் கழுத்தே காணாமல் போயிற்று. தலையை நேராகத் தோளில் ஒட்டிவிட்டான், பாவி. நான் அமெரிக்காவுக்கு மூன்று பக்கம் கடிதம் போட்டேன். பத்தொன்பதில் கழுத்து வந்தது. அது என் கடிதத்தால் வந்த கழுத்து என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இப்படி இருக்கையில் செப்டம்பர் கடைசியில் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிரி நாட்டுப் புத்தகம், படம், பாட்டு எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. சோதனை வரும். அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அவர்களிடம் வாள் இருந்தது, எங்கள் எல்லோருக்கும் கழுத்து இருந்தது.

"எல்லாத்தையும் அடுப்புல போடுங்க," என்றாள் அமலோற்பவம்.

"போட்டுடறேன்."

"இப்பவே."

பழைய செய்தித்தாள்களைப் புகையப் புகைய எரித்தேன். கண்ணில் நீர் வந்தது. புகையால் வந்ததை அவள் துக்கத்தால் வந்ததாக நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருபத்து மூன்று புத்தகங்களும் அப்போது மாதாவின் காலடியில் பத்திரமாக இருந்தன.

தோட்டத்து மாதா கோயிலின் தகரக் கூரையை ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து மாதா சுரூபம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒரு முழ உயரச் சுரூபம். அதற்குப் பீடமாக ஒரு பலகைப் பெட்டி. பெட்டிக்குள் மெழுகுவர்த்தி வைப்பது வழக்கம், பின்பக்கம் சின்னக் கதவு உண்டு. மெழுகுவர்த்தி என்ற சாமானையே பார்த்து வருஷம் ஆகிவிட்டதால் பெட்டி காலி. ஜப்பான்காரன் சாமி பெட்டியைத் தொடமாட்டான். அமலோற்பவம் அதைத் திறக்க வேலையில்லை. இந்த யோசனை தோன்றியபோது என் மூளையை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. அக்டோபர்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, மறுநாள் சாயங்காலம் அங்கிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். முப்பத்தொரு நாளும் இப்படித்தான். வேதக்காரர் வீடு என்றில்லை, கேட்கிற எல்லோர் வீட்டுக்கும் மாதா போவாள். முட்டிவலி என்று சொல்லி ஏழு வருஷமாக நான் ஜெபமாலைக்கு டிமிக்கி கொடுத்து வந்ததால் இதெல்லாம் நினைவில்லாமல் போயிற்று. முதல் தேதி ஆபீசிலிருந்து வந்தால், பூவும் பட்டுத்துணியுமாக மாதா வாசலில் நிற்கிறாள். பெட்டியைச் சுற்றிக் கயிறு, ஏழெட்டு முடிச்சு.

"எதுக்கு இந்தக் கயிறு?"

"வழியில கதவு தொறந்துக்கும்ல? இன்னிக்கி மாதா பள்ளத்து லயத்துக்குப் போறாங்க, கிருஷ்ணம்மா வீட்டுக்கு. வேலு வந்து தூக்கிக்கிறேன்னான்."

வேலு பால்வெட்டுக்காரன். பெட்டியை ஆட்டி ஆட்டித் தூக்குவான். ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும்.

"வேலு எதுக்கு? நான் தூக்குறேன்."

"உங்களுக்கு முட்டி வலியாச்சே."

"மாதாவுக்காக வலிக்கட்டும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "உங்க மனசு மாறினதுக்கு ஸ்தோத்திரம்," என்றாள்.

தலையில் வைத்தார்கள். அலமாக்! இருபத்து மூன்று புத்தகத்துக்கு இத்தனை கனமா? சுரூபமும் சேர்ந்தது என்று சமாதானம் செய்துகொண்டேன். பெண்கள் பாடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எங்கள் பக்கத்து மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கும் பள்ளத்து லயத்துக்கும் நடுவில் ஆற்றுப்பாலம். பாலத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய். மேட்டு லயத்தார் காட்டை வெட்டி நெல் போட்டிருந்ததால், ஒரு பிடி அரிசிகூட அந்தப் பக்கம் போகாதபடி கூடை, குடம், குழந்தைத் தூளி எல்லாவற்றையும் கிளறிப் பார்ப்பான். அவனுக்கு முன்னால் இடுப்பு வரைக்கும் குனிய வேண்டும். குனியாவிட்டால் கன்னத்தில் அறை.

தலையில் மாதாவை வைத்துக்கொண்டு எப்படிக் குனிவது? நான் நேராக நின்றபடியே முட்டியை மட்டும் மடக்கிக் கீழே போய் மேலே வந்தேன். கிணற்று வாளி போல மாதா இறங்கி ஏறினாள்.

"கொரா!" என்று கத்திக்கொண்டு வந்தான். துப்பாக்கி முனைக் கத்தியால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினான். என் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. "நானி?" என்றான். என்ன அது என்று கேட்கிறான். ஆபீசில் எங்களுக்குக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்த நிப்பொங்கோ பாஷையில் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"ஓக்காசான்," என்றேன். அம்மா.

இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. அண்ணாந்து மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றி, நாங்கள் அவனுக்குக் குனிவதைவிடத் தாழக் குனிந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஜப்பான்காரன்மேல் இரக்கப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அதன்பிறகு என் பாடு தொடங்கியது. எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியை இறக்கியதும் பெண்கள் சோடிக்க வேண்டும் என்று அதை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். "ஆம்பளைங்க வெளியே இருங்க!" ஒரு நிமிஷம் தனியாக அகப்படாதா, பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையையும் முட்டிபோட்டுச் சொன்னேன். அகப்படவில்லை. வரிசை போட்டது அமலோற்பவம். இன்றைக்குப் பள்ளத்து லயம், நாளைக்கு மேட்டு லயம், மறுநாள் திரும்பவும் பள்ளம்.

"ஒரு பக்கத்தை முடிச்சுட்டு மறுபக்கம் போனா என்னவாம்?"

"சீட்டுப் போட்டதுங்க. மாதாவோட விருப்பம்."

பள்ளத்துக்குப் போகும்போதெல்லாம் கனம், மேட்டுக்கு வரும்போது லேசு. இறக்கத்தில் இறங்கும்போது பாரம் கூடும் என்று வாலண்டைனுக்கு விஞ்ஞானமாக விளக்கினேன். பெட்டிக்குள் புத்தகம் இருப்பதை அவன் ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இருபத்து மூணாம் புஸ்தகத்தை எனக்குக் காட்டாம ஊர் ஊரா தூக்கிக்கிட்டு அலையுறீங்கல்ல? நல்லா வேணும்."

ஆனால் தோட்டத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. ஐயாசாமி கங்காணி என்னைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார். குளுவாங்கிலிருந்து பூசை வைக்க வந்த சாமியார், "செபஸ்தியன் மாதிரி பத்துப் பேர் இருந்தால் போதும்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

முப்பத்தோராம் நாள் மாதா வீடு திரும்பினாள். கூட்டம் கலைந்ததும் அமலோற்பவம் அடுப்படிக்குப் போனாள். நான் அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே நாலைந்து அரிசி மணி கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"அமலோ!"

"கத்தாதீங்க. கதவைச் சாத்துங்க."

"என்... இதுக்குள்ள... மெழுகுவத்தி..."

"மெழுகுவத்தியா? இருபத்து மூணு மெழுகுவத்தி, எல்லாத்துலயும் செவப்புக் கோட்டுக்காரன் படம் போட்டிருந்துச்சே, அதுவா?"

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மாதா மன்னிக்கட்டும்.

"அப்போ நான் முப்பது நாளாத் தூக்கினது?"

"பள்ளத்து லயத்துல பதினாறு வீட்டுல ஆம்பளை இல்லங்க. சயாம்ல ரயில் ரோடு போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான். கிருஷ்ணம்மா வீட்டுல ரெண்டு புள்ளைங்களும் காச்சல்ல கெடந்துச்சு, கிழங்குகூட இல்ல. இங்க நம்ம பொம்பளைங்ககிட்ட அரிசி இருக்கு, பாலத்தைத் தாண்ட வழியில்ல. மாதா தாண்டுவாங்கன்னு தோணுச்சு. ஆனா வேலு தூக்கினா அந்தச் சிப்பாய்கிட்ட உளறிடுவான்."

பாலத்தின்மேல் கத்தி பெட்டியைத் தட்டிய சத்தம் எனக்கு இப்போது மறுபடி கேட்டது. இந்தத் தடவை அதிகமாக வியர்த்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அரிசின்னு சொல்லியிருந்தா உங்களுக்கு முட்டி வலிச்சிருக்கும். புஸ்தகம்னா நீங்க எதையும் தூக்குவீங்க."

உண்மை. அவ்வளவு உண்மையை ஒரு மனைவி சொல்லக்கூடாது. கிருஷ்ணம்மாவின் பிள்ளைகள் இரண்டும் நேற்று வாசலில் ஓடி விளையாடியதை நான் பார்த்திருந்தேன். என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனால் ரசிகன் ரசிகன்தானே.

"புத்தகமெல்லாம்? எரிச்சிட்டியா?"

வாத்துக் கூண்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். ரப்பர் ஷீட்டில் சுற்றி, ஓரமெல்லாம் ரப்பர் பால் ஊற்றி ஒட்டியிருந்தாள். ஒரு சொட்டு ஈரம் போகாது. ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை வரிசையாக அடுக்கியிருந்தது. அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு அடியில் இருந்த இருபத்து மூன்றைப் பார்த்தேன். ஒட்டியிருந்த தபால் உறை பிரிந்திருந்தது.

"அமலோ... இதைப் பிரிச்சது யாரு?"

"அரிசியைப் பிரிச்சுக் குடுக்கிறப்போ அந்தப் பொம்பளைங்க சும்மாவே அழுதுக்கிட்டு இருந்தாளுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமா சொன்னேன். படம் பாத்தாலே புரியுதுங்களே. கிருஷ்ணம்மா எப்படிச் சிரிச்சா தெரியுமா! நடுவுல அந்த ஆளுக்குக் கழுத்து காணாமப் போச்சே, அப்ப சிரிச்சது."

"கடைசிப் புத்தகமும் சொல்லிட்டியா?"

"போன வாரமே சொல்லி முடிச்சாச்சு."

தோட்டத்தில் முப்பது பெண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இருந்தாலும் பரவாயில்லை, என் சபதம் என்னிடம் இருக்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதே. சண்டை முடிஞ்சு அடுத்த புத்தகம் வந்த பின்னாடிதான் நான் இதைப் படிப்பேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? நல்லா மெதுவா படிங்க," என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் அடுப்படிக்குத் திரும்பினாள். "அந்தப் பொண்ணு மட்டும் படகை எடுத்துட்டுப் போயி கயித்தை அறுக்காம இருந்திருந்தா, உங்க ஆளு அன்னிக்கே செத்திருப்பாரு."