ஒரு முட்டிக்கு ஒரு சென்சார்

சனிக்கிழமை ஒரே ஒரு வேலைதான். குரோம்பேட்டைல பிசியோதெரபி மேடம்கிட்ட போய் இடது முட்டியை தொண்ணூறு டிகிரி மடக்கிக் காட்டணும்.

முட்டி எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க. வண்டியிலேர்ந்து விழுந்தேன். ஓடற வண்டி இல்ல, ஸ்டாண்டு போடறப்ப.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரிச்சா, கால் உலக்கை மாதிரி விறைச்சுக் கிடக்கு. டாக்டர் கெடு வெச்சுட்டார்.

"வர்ற சனிக்கிழமைக்குள்ள தொண்ணூறு வரலேன்னா, மயக்க ஊசி போட்டு நாங்களே மடக்கிடுவோம்."

"வலிக்குமா டாக்டர்?"

"மயக்கத்துல வலிக்காது. முழிச்சப்புறம் சேத்து வலிக்கும்."

அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

மேடம் சொன்ன பயிற்சியை ஒழுங்கா செஞ்சிருந்தா கதையே இல்ல. ஆனா நான் யாரு? எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ! செம்பாக்கத்துல சொந்தமா யுபிஎஸ் சர்வீஸ் கடை! மேடம் பிளாஸ்டிக் பாகைமானியை முட்டில வெச்சு அளக்கறதைப் பாத்து எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. செல்போனைச் சாய்ச்சா படமே சாயற காலம் இது. அதுக்குள்ள இருக்கற சென்சார் இப்ப சல்லிசா கிடைக்குது. கால்ல கட்டினா டிகிரியை அதுவே சொல்லிட்டுப் போகுது!

ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற மாணிக்கத்துக்கு போன் போட்டேன்.

"முட்டிக்கா பாய்? அப்ப ரெண்டு எடுத்துக்கோ. ஸ்டாக் கீது."

"யோவ், எனக்கு ஒரு முட்டிதான்யா போச்சு. ரெண்டு எதுக்கு?"

"அதுக்கில்ல பாய், மேல ஒண்ணு..."

"என்கிட்டயேவா? ஒண்ணு குடுத்தனுப்பு!"

வந்த சென்சாரை முழங்காலுக்குக் கீழ பொண்ணோட ரிப்பனால கட்டினேன். டிகிரி காட்ட ஒரு சின்ன டிஸ்ப்ளே. தொண்ணூறு வந்தா சத்தம் வரணுமே! பழைய காலிங் பெல்லைப் பிரிச்சு அதுல இருந்த குருவிச் சத்தத்தைச் சேத்துட்டேன்.

காலை நீட்டி கட்டில்ல உக்காந்தா பூஜ்யம். மடக்கினா உயிர் போகுது. ஆனா விளிம்புக்குச் சறுக்கிச் சறுக்கி வந்தா, நம்பர் நைஸா ஏறுது! நாப்பது. அறுபது. வியாழக்கிழமை குருவியே கத்திருச்சு!

என் வொய்ஃப் ஷாஹிதா ஓடிப்போய் வாசக்கதவைத் தொறந்தா.

"யாருமே இல்லீங்க."

"வாசல் இல்லம்மா, என் முட்டி! தொண்ணூறு!"

"வலிக்கலையா?"

"துளிகூட இல்ல!"

"நேத்து வரைக்கும் அல்லா அல்லான்னு கத்துனீங்க?"

"அதான் டெக்னாலஜி!"

மிக்ஸியை நானே சரி பண்றேன்னு சொல்றப்ப ஒரு பார்வை பாப்பா. அதே பார்வை பாத்துட்டுப் போயிட்டா.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்தவங்ககிட்ட எல்லாம் ஒரே பீத்தல். ஒருத்தர் தன் அத்தாவோட மூட்டுவலிக்கு ஒரு செட்டு ஆர்டரே குடுத்துட்டார்!

சனிக்கிழமை. பிசியோ சென்டர்ல அஞ்சாறு பேஷன்ட்டு. எல்லார் முன்னாடியும் பெட்டோட விளிம்புக்குச் சறுக்கினேன். குருவி கத்துச்சு. கைதட்டல்!

மேடம் அதே பிளாஸ்டிக் பாகைமானியை வெச்சாங்க.

"அம்பத்தஞ்சு."

"மேடம், உங்களுது பழசு. இது சென்சார்."

"அப்படியா? கொஞ்சம் எழுந்து நில்லுங்க சார்."

நின்னேன். கால் கொம்பு மாதிரி நேரா நிக்குது. குருவி கத்துது!

"இப்ப முட்டியை மடக்கியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"எவ்ளோ காட்டுது?"

"...தொண்ணூறு."

"அப்ப பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க எல்லாருக்குமே தொண்ணூறுதான் சார்."

மேடம் பொறுமையா விளக்கினாங்க. "கீழ்க்கால் எவ்ளோ சாயுதுன்னு மட்டும்தான் இது சொல்லும். தொடைல இன்னொண்ணு கட்டி, ரெண்டுக்கும் வித்தியாசம் பாத்தாதான் முட்டி எவ்ளோ மடங்குதுன்னு தெரியும். நீங்க இத்தனை நாளா கட்டிலை விட்டு இறங்கிட்டு இருந்திருக்கீங்க. அவ்ளோதான்."

தோள்பட்டை வலிக்கு வந்திருந்த ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "ஐயோ, தோளு வலிக்குது பாய்"ன்னு என்னையே திட்டினார். மானம் கப்பலேறிடுச்சு.

மேடம் டாக்டருக்கு போன் போட ரிசீவரை எடுத்தாங்க.

"மேடம்! ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம் கேட்டுக் குடுங்க!" கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாவது, மண்ணாவது!

மேடம் என்கூட வந்திருந்த ஷாஹிதாவைப் பாத்தாங்க. "கேட்டு வாங்கறேன். ஆனா இவரை நம்ப மாட்டேன். நீங்க மடக்குவீங்களா?"

குப்புறப் படுக்கப்போட்டு, குதிகாலைப் பிடிச்சு, எப்படி மெல்ல அழுத்தணும்னு சொல்லிக் குடுத்தாங்க. "கத்துவார். அதுக்காக விட்டுடக் கூடாது."

"பதினாலு வருஷமா கத்தறார் மேடம். எதை விட்டிருக்கேன்?"

அப்புறம் காலையும் மாலையும் பூஜைதான் மக்களே. நான் போட்ட சத்தத்துல வண்டலூர்ல புலி எழுந்து உக்காந்திருக்கும். மூணாம் நாள் கெஞ்சியே கெஞ்சினேன். "மயக்க ஊசியே போட்டுக்கறேன், ஆள விடு!"

"இன்னும் கொஞ்சம்தான். சும்மா கிடங்க!"

அடுத்த சனிக்கிழமை அதே பெட்டு. மேடம் பாகைமானியை வெச்சு, ரெண்டு தடவை பாத்தாங்க.

"தொண்ணூத்திரண்டு! ஊசியெல்லாம் வேணாம்!"

கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மேடம் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினாங்க. நானும் பெருமையா நீட்டினேன்.

"கொஞ்சம் நகருங்க சார்"ன்னுட்டு, ஷாஹிதாவுக்குக் கை குடுத்தாங்க.