ஐந்து ஞாயிறு நின்ற கொக்கு

இனி என் ஞாயிற்றுக்கிழமைகள் இயற்கைக்கே என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் பரணுக்குக் கீழே. கையில் ஈரத்துணி. எதிரே ஏணி. ஏணிக்கு மேலே ஒன்பது வருடத் தூசி.

"இயற்கையா? அது யாரு?" என்றாள் மனைவி.

"மலை, ஏரி, பறவை. எல்லாத்தையும் படம் எடுக்கப் போறேன். சூரியன் உதிக்கிறப்போதான் வெளிச்சம் நல்லா இருக்கும். அது காலையிலதான் உதிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"சூரியன் உங்களைக் கூப்பிட்டுச்சா?"

"கலைஞனை யாரும் கூப்பிட வேண்டியதில்லே."

"ஆமா, கூப்பிட்டாலும் எந்திரிக்கப் போறதில்லே. சரி, போயிட்டு வாங்க. பார்க்கலாம்."

அந்த 'பார்க்கலாம்' என் காதில் அனுமதியாக விழுந்தது. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில், அவள் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பார்க்காமல் விட்டதில்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் தவறுகளைச் சுழித்துக்கொண்டிருப்பேன். ஏழாம் நாள் வீட்டில் என் தவறுகளைச் சுழிப்பார்கள். மனைவிக்குப் பூங்கா பராமரிப்பு அலுவலகத்தில் வேலை. சாமான் கிடங்கு அவள் பொறுப்பு. மண்வெட்டியோ மர பெஞ்சோ, சிவப்புப் பெயின்டில் எண் எழுதாமல் கிடங்கை விட்டு வெளியே போகாது. வீட்டிலும் அதே கை, அதே வழக்கம். சமையலறையில் சர்க்கரை – 1, சர்க்கரை – 2. கதவு மூலையில் குடை – 1, குடை – 2, குடை – 3. எனக்கு மட்டும்தான் எண் கிடையாது. வீட்டில் நான் ஒருவன்தான் தனிச் சரக்கு என்று பெருமையாக இருந்தேன்.

முதல் ஞாயிறு நிஜமாகவே போனேன். பொய் சொல்லவில்லை. கல்யாண ஆல்பம் போடுகிறவரிடம் வாங்கிய பழைய கேமரா. முழங்கை நீள லென்ஸ். ஏரிக்கரையில் கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே எதிர்க்கரையை எட்டிப் பார்த்தேன். பனி. பனிக்குள் நாணல். நாணலுக்குள் வெள்ளையாக ஒரு கொக்கு, ஒற்றைக் காலில்.

என்ன குணம் அந்தக் கொக்குக்கு! அசையவே இல்லை. இறகைக் கோதவில்லை, தலையைத் திருப்பவில்லை. படம் எடுக்கும்போது இப்படி ஒத்துழைக்கிற ஒரு ஜீவனை நான் எங்கள் குடும்பத்தில் கண்டதில்லை. இங்கே நாலடி, அங்கே நாலடி நகர்ந்து நூற்று நாற்பது படம் எடுத்தேன்.

வீட்டில் நல்ல வரவேற்பு. மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உதட்டை ஏன் மடித்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் ஞாயிறு அலாரம் அடித்தது. என் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் இருந்தால் பரண். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். கீழே பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், நடைப்பயிற்சிக்குப் போகிற உடுப்பில், அழப் போகிற முகத்தோடு நின்றிருந்தார்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க?"

"தெரியலை டாக்டர். நீங்க?"

"எனக்கும் தெரியலை சார். வீட்டுக்காரி நடக்கச் சொன்னா. தூக்கம் தூக்கமா வருது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிளினிக் சாவி கையில இருக்கு. நாற்காலி நல்லா சாயும்."

பல் டாக்டர் நாற்காலியில் நீங்கள் வலியோடுதான் படுத்திருப்பீர்கள். வலி இல்லாமல் படுத்துப் பாருங்கள். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் தலை இறங்கும், கால் ஏறும், கவலை போய்விடும். டாக்டர் காத்திருப்போர் பெஞ்சில் படுத்துக்கொண்டார். ஒன்பது மணி வரை இரண்டு குறட்டைகள், ஒன்றை ஒன்று துரத்தியபடி. கையில்தான் நூற்று நாற்பது படங்கள் இருக்கின்றனவே! வாரத்துக்கு ஒன்று என்று காட்டினால் ஓய்வு பெறும்வரை வரும்.

அன்றைக்குக் காட்டிய படத்தில் கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன்.

"அதே கொக்கா?" என்றாள்.

"அதேதான். அங்கேயே குடியிருக்கு. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிச்சு."

"பாருங்களேன். வாயில்லாத ஜீவனுக்கு என்ன மரியாதை!"

மூன்றாம் ஞாயிறு கொஞ்சம் ஊதா.

"ஏங்க, போன வாரமும் இதே கால்லதானே நின்னுச்சு?"

"தவம்மா அது. நீ ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் நின்னிருக்கியா?"

"நான் நின்னா இந்த வீடு நின்னுடும். சரி, உங்க பல்லு ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

அது வேறு கதை. தூக்கத்தில் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். டாக்டருக்கும் பழக்க தோஷம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கீழ் வரிசையைச் சுத்தம் செய்துவிட்டார்.

"ஏரிக் காத்து" என்றேன்.

"அடேயப்பா! அடுத்த வாரம் மேல் வரிசைக்கும் வாங்கிட்டு வாங்க."

நான்காம் ஞாயிறு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னிக்காவது காலை மாத்துச்சா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. பாவம், கால் மரத்துப் போயிருக்குமே!"

"மாத்தாம இருக்குமா? குளிச்சிட்டு வந்து காட்டறேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். ஒரு படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினேன். இடது கால் வலது கால் ஆனது. விஞ்ஞானத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"ஆமாங்க, மாத்திருச்சு" என்றாள். கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்தாள். "மலைகூட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிருச்சே. அதுக்கும் கால் வலிச்சுதோ?"

"கோணம்! நான் எதிர்க்கரைக்குப் போயிட்டேன்ல!"

"அவ்வளவு தூரம் நடந்தீங்களா? செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்லையே. கலைஞர்னா கலைஞர்தான்."

ஐந்தாம் ஞாயிறு பச்சை. அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. "இதெல்லாம் இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. படமெல்லாம் அனுப்பியிருந்தேன். அவ சிரிக்கிறா. அந்தக் கொக்குக்கு உயிர் இருக்கா அக்கான்னு கேக்கிறா."

"என்ன திமிர் அவளுக்கு!"

"அதைத்தான் நானும் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லவே மாட்டார்னு சொன்னேன். அதனால ஒண்ணே ஒண்ணு, அது பறக்கிற மாதிரி எடுத்துட்டு வந்துடுங்க. சிறகு ரெண்டும் விரிஞ்சிருக்கணும். கொண்டு வந்தா ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை உங்களுது. இல்லேன்னா கேமராவைப் பரண்ல வைக்கலாம். வைக்கிறதுக்கு முன்னாடி பரணைத் துடைக்கலாம்."

நூற்று நாற்பதையும் தேடினேன். ஒன்றிலும் சிறகு இல்லை. என் ஞாயிறுகள் முழுவதும் ஒரு கொக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஆறாம் ஞாயிறு விடியுமுன் டாக்டரிடம் சொன்னேன். "உங்க கஷ்டம் புரியுது சார்" என்றார். "நீங்க போங்க. இன்னிக்கு நாற்காலி எனக்கு."

ஏரியில் அதே பனி, அதே கொக்கு, அதே கால். லென்ஸை நீட்டிக் காத்திருந்தேன். அரை மணி. ஒரு மணி. மலைக்குப் பின்னால் வெளிச்சம் கசிந்தது. பனி தண்ணீரை விட்டு மெல்ல எழுந்து, போக மனமில்லாத விருந்தாளிபோல நாணலைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. ஒரு கணம் எனக்கு எல்லாம் மறந்தது. இவ்வளவு அழகை விட்டுவிட்டா நாலு வாரம் பல் நாற்காலியில் கிடந்தேன்? உடனே தூக்கம் வந்தது. அழகு மறுபடி குறைந்துவிட்டது.

கை தட்டினேன். பறக்கவில்லை. விசில் அடித்தேன். அதட்டினேன். "போ! சூ! பற!" ஒரு பலனும் இல்லை. இந்த வீம்பு எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் வீட்டில் பார்த்த வீம்பு.

கிட்டே போனால் பயந்து பறக்கும் என்று தோன்றியது. சுற்றி நடந்து எதிர்க்கரைக்குப் போய், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் வரை தண்ணீர். முழங்கால் வரை சேறு. நாலாவது அடியில் ஒரு செருப்பு ஏரிக்குச் சொந்தமானது. வெறுங்காலை ஊன்றிய இடத்தில் நத்தை ஓடு. துள்ளினேன். சாயப் போனேன். ஒரு கையால் கேமராவை உயரத் தூக்கிக்கொண்டு, மறு கையால் கிடைத்ததைப் பிடித்தேன்.

கிடைத்தது கொக்கின் கழுத்து.

அது கத்தவில்லை. கொத்தவில்லை. சில்லென்று இருந்தது. தட்டினேன். 'டொக்' என்றது. சிமென்டு.

இந்த மாதிரி நேரத்தில் மனிதன் ஏதாவது படிக்க வேண்டும் என்று தேடுவான், முக்கியமாகப் பிழை திருத்துகிறவன். கொக்கின் முதுகில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது:

'ஏரி. கொக்கு – 1.'

எழுத்தில் பிழை இல்லை. கையெழுத்து எனக்குத் தெரியும். தினமும் காலையில் காப்பிக்குச் சர்க்கரை போடும்போது பார்க்கிற கையெழுத்து.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. காலைத் தூக்கியபடி, கொக்கின் கழுத்தைப் பிடித்தபடி. இரண்டாம் நம்பர் எங்கே என்று ஒரு யோசனை வந்துபோனது.

வீடு வந்து சேரும்வரை ஒரே கணக்கு. அது சிமென்டு என்று சொன்னால், தலையை ஆட்டியதும் காலை மாற்றியதும் யார் என்று கேட்பாள். சிமென்டு என்று சொல்லாவிட்டால் படம் வேண்டும். கடைசியில் ஒரு வழி தோன்றியது. கொக்கு போய்விட வேண்டும். நிரந்தரமாக. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாதவரை அவளால் மறுத்துப் பேச முடியாது.

கூடத்தில் கொழுந்தியாள், சகலை, பல் டாக்டர் வீட்டம்மா, எல்லோரும் இருந்தார்கள். நடுவில் மனைவி.

"அய்யய்யோ, என்னங்க இது! இடுப்பு வரைக்கும் சேறு! பறந்துச்சா?"

"பறந்துருச்சு" என்றேன். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, நத்தை. "சிறகை விரிச்சுது. இப்படி. ஏரியை ஒரு சுத்து சுத்திச்சு. மலைக்கு அந்தப்பக்கம் போயிருச்சு. இனிமே வராது."

"எப்படிங்க விரிச்சுது? இன்னொரு தடவை காட்டுங்க, தங்கச்சி பார்க்கலை."

இன்னொரு தடவை காட்டினேன். சகலை தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"படம்?"

"அந்தப் பிரமிப்புல பொத்தானை அமுக்க மறந்துட்டேன்."

"பரவால்லங்க" என்றாள், அத்தனை பரிவாக. "நான் எடுத்திருக்கேன்."

"நீயா? நீ எங்கே இருந்தே?"

"கரையில. நீங்களும் டாக்டரும் கிளினிக் பக்கம் போனதும் நானும் இவங்களும் ஏரிக்கு நடக்கப் போயிடுவோம். நாலு வாரமா போறோம். இன்னிக்குத்தான் உங்களை முதல் தடவையா அங்கே பார்த்தோம்."

"நாற்காலியோட மிதி தேஞ்சு போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் புலம்பறார் அண்ணா" என்றார் டாக்டர் வீட்டம்மா.

மனைவி போனை நீட்டினாள். பார்த்தேன்.

ஒரு கலைஞனாகச் சொல்கிறேன், அது நல்ல படம். பனி சரியான உயரத்தில். வெளிச்சம் பின்னாலிருந்து. நாணலுக்கு நடுவே இரண்டு உருவங்கள். ஒன்று வெள்ளை, மெலிந்தது, அமைதியானது. பக்கத்தில் கொஞ்சம் பருத்தது, ஒரு கையை வானத்தில் வீசிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. இரண்டும் ஒற்றைக் காலில். தண்ணீரில் இரண்டின் நிழல்களும் நடுங்கின. நூற்று நாற்பது தடவை நான் தேடிய உயிர் அந்த ஒரே படத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். பரணில் உட்கார்ந்து துடைக்கிற எனக்கும் அது நேராகத் தெரிகிறது. சட்டத்தின் கீழ் ஓரத்தில் சிவப்புப் பெயின்டில், பிழையில்லாமல், அவள் எழுதி வைத்திருப்பதும் தெரிகிறது:

'ஏரி. கொக்கு – 2.'