எழுபத்தொன்பது கிலோ காணிக்கை

நேமம்,
திருவனந்தபுரம்.
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் வன்னியராஜ் அவர்களுக்கு,

அத்தான் நேசமணி எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நானும் உன் அக்காள் சுசீலாபாயும் இங்கே சுகமாக இருக்கிறோம். தனித்தனியாகச் சுகமாக இருக்கிறோம். மார்த்தாண்டத்தில் நீயும் பிரிஸில்லாவும் சுகம்தான் என்று அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் போட்டோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "ரேஞ்சு இல்ல அத்தான், பொறவு விளிக்கேன்" என்பாய். கடிதத்துக்கு ரேஞ்சு வேண்டாம்.

போட்டோவில் என்னுடைய அடைகல் உன் வீட்டு நடையில் இருக்கிறது. கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். அதற்கு வெள்ளி பெயிண்டு அடித்திருக்கிறாய். மேலே ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறாய். அதன் கூம்பு முனையில் உன் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டிருக்கிறாய். கீழே பிரிஸில்லா, "எப்படி இருக்கு அத்தான்?" என்று ஒரு பூவும் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் அனுப்பவில்லை. வாயில் வந்தது சபை உறுப்பினர் டைப் செய்யக்கூடியது அல்ல.

எழுபத்தொரு வயதில் இவருக்குக் கொல்லவேலை எதற்கு என்று நீ கேட்பாய். எல்லோரும் கேட்டாயிற்று. ஆரியசாலையில் இரும்புக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் ஸ்டாக் எழுதினவன் நான். கையில் தூக்கினால் கிராம் சுத்தமாக எடை சொல்வேன். ஆனால் ஒரு ஆணியைக்கூடச் செய்ததில்லை. இரும்பு எப்படி வளைகிறது என்று தெரியாமலே அதை விற்றுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்து, நானே சுட்டுக்கொண்டு கற்றேன். மூன்று வருஷத்தில் ஒரு கொக்கி செய்திருக்கிறேன். அது கொக்கி என்று நான் சொன்ன பிறகு எல்லோருக்கும் தெரிகிறது.

சாமான் எல்லாம் பழையதுதான் வாங்குவேன். புதுசு பளபளக்கும், தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம் வரும். பழையது எங்கே கிடைக்கும்? பழைய இரும்பு வாங்கி விற்கிற ஆக்கிரிக் கடைகளில் கிடைக்கும். ஆக்கிரிக் கடைக்காரனிடம் ஒன்றைத் தேடிப் போனதாகக் காட்டிக்கொள்ளவே கூடாது. சைக்கிள் செயின் கேட்கிறவன் மாதிரி போய் நின்று, வேண்டிய சாமானைக் காலால் தட்டி, "இத இன்னும் தூக்கிப் போடலியா?" என்று இரக்கமாகக் கேட்க வேண்டும். முகத்தில் ஆசை தெரிந்தால் அதுவரை ஆக்கிரியாக இருந்தது 'ஆன்டிக்' ஆகிவிடும். இப்படி வெயிலில் முகத்தை மரத்துப்போக வைத்துக்கொண்டு அலைந்து பதினொரு கொறடு சேர்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாய். உருட்டுக் கம்பி பிடிக்க ஒன்று, பட்டை பிடிக்க ஒன்று. உன் அக்காள் ஒரு நாள் அதையெல்லாம் முற்றத்தில் வரிசையாகப் போட்டு எண்ணினாள்.

"பதினோரு கொறடு எதுக்காக்கும்? வீட்டுல நாம ரெண்டு பேருல்லா?"

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேல இருக்கு."

"அப்படியா? உங்களுக்கு இல்லாத வேல அதுக்கு இருக்கே, நல்லது."

அதற்குப் பிறகு அவள் இட்லிக் கொப்பரையை இறக்குவதற்கு நான் பாடுபட்டுத் தேடிய ஓநாய் வாய்க் கொறடை உபயோகிக்கிறாள். கேட்டால், "நல்ல பிடி இருக்கு" என்கிறாள். அது உண்மைதான்.

இனி அடைகல். அது கிடைத்த கதை உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதன்மேல் ரோஜா வைத்திருக்க மாட்டாய். கல்லாற்றில், பொன்முடிக்கு ஏறும் முன்னால், அஜீஷ் என்பவருடைய சாயாக்கடை. சபை இளைஞர் பிக்னிக்குக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்று என்னையும் பஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். நான் கடைக்குப் பின்னால் நாய் கட்டியிருந்த இரும்பைப் பார்த்தேன். பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து, பக்கத்தில் 1 2 7 என்று எண்கள். அஜீஷ் அதைப் பழைய வீட்டு நம்பர் என்று நினைத்திருந்தார். அது பழைய வெள்ளைக்கார எடை. ஒரு ஹண்டர்வெயிட், இரண்டு கால் ஹண்டர்வெயிட், ஏழு ராத்தல். எழுபத்தொன்பது கிலோ சொச்சம். அன்று நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு முறை தனியாகப் பஸ் ஏறி நெடுமங்காடு, விதுரை வழியாகப் போய், சர்க்கரை வியாதிக்காரனாகிய நான் அவருடைய பாயசம் மாதிரிச் சாயாவைக் குடித்து, நாயைத் தடவிக்கொடுக்கிற சாக்கில் இரும்பைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை தனியாகப் போனபோது பொறுக்க முடியவில்லை. அடைகல் நல்லதா என்று பார்க்க ஒரு எஃகுக் குண்டை அதன்மேல் போடவேண்டும். நல்லதானால் போட்ட உயரத்துக்கே எகிறும். பையில் எப்போதும் ஒரு குண்டு வைத்திருப்பேன். யாரும் பார்க்காதபோது போட்டேன். அது எகிறிய எகிறலை நான் இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன். நேரே அடுப்பில் இருந்த போண்டாச் சட்டியில் போய் விழுந்தது.

அஜீஷ் கரண்டியால் அதை எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆக்கிரி ஆன்டிக் ஆயிற்று.

"அண்ணாச்சி மூணு தடவ வந்தது சாயாக்கு இல்ல, அல்லே?" என்றார். "கொண்டு போய்க்கோ. பக்ஷே, இந்தப் பட்டிய நான் எவிடெ கெட்டும்?"

ஆகவே விலையாக நாய் கட்டுவதற்கு ஒரு சிமெண்டுத் தூண் நானே நட்டுக்கொடுத்துவிட்டு, அடைகல்லை ஆட்டோவில் ஏற்றினேன். நெடுமங்காட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டோவின் பின்பக்கம் அமர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர் இறங்கிப் பார்த்து, "இது எந்தா, அம்பலத்துச் சாமானா?" என்று கேட்டு, கோயிலுடையது இல்லை என்றதும் வைய ஆரம்பித்தார். வேறு வண்டி பிடித்து, இறக்கி, ஏற்றி, வீடு வந்து சேர்ந்து நான்கு நாள் படுத்தேன். உன் அக்காள் இடுப்புக்குத் தைலம் போட்டாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுதவில்லை, நீ அவளோடு வளர்ந்தவன், உனக்கே தெரியும்.

பிறகு அறுப்பின் பண்டிகை. நீ அன்று அங்கே இருந்தாய், ஆனாலும் என் பக்கம் எழுத்தில் இருக்கட்டும். சனிக்கிழமை நான் ஒரு துருத்தி விஷயமாக ஆரியசாலைக்குப் போயிருந்தேன். எலி தின்ற துருத்தி, வாங்கவில்லை. அந்த நேரத்தில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் காணிக்கைப் பொருள் எடுக்க வண்டியோடு வந்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் வாழைக்குலை கொடுத்தார்கள், சேவல் கொடுத்தார்கள், மரச்சீனிக் கிழங்கு கொடுத்தார்கள். உன் அக்காள் அடைகல்லைக் காட்டி, "அத எடுத்துட்டுப் போங்க மக்களே" என்றிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தேன். உலை போட்டிருக்கிற கார் ஷெட்டுக்குப் பக்கம் போகவில்லை, களைப்பு. மறுநாள் ஆராதனையில் நான்காம் வரிசையில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால், பலிபீடத்துக்கு முன்னால் இரண்டு பூசணிக்காய்க்கு நடுவில், கழுத்தில் மாலையோடு இருக்கிறது என் அடைகல். போதகர் ஐயர் பிரசங்கத்தில் "விளைச்சலின் முதற்பலன்" என்று சொல்லும்போதெல்லாம் அதையே பார்த்தார். அது எந்த வயலில் விளைந்தது என்று அவருக்கும் புரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள் ஏலம். கொடுத்த வீட்டார் தங்கள் காணிக்கையைத் தாங்களே ஏலம் கேட்கக் கூடாது என்பது நம் சபை வழக்கம். ஆண்டவர் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஆகுமாம். கோழி முட்டை ஆயிரத்துக்குப் போவது அங்கே சாதாரணம். ஆனால் முட்டை கொடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. எனவே நான் உன் காதில் சொன்னேன். நான் சொன்னதை உனக்கு நினைவூட்டுகிறேன். "நீ கேளு, விடாத, அது வீட்டுக்கு வரணும்" என்றேன். "அத்தான் கவலப்படாண்டாம்" என்றாய். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் வீம்புக்கு ஏற்றினார், நீ விடவில்லை. சுத்தியல் அடித்து உன் பெயரைச் சொன்னபோது நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் பண்ணினேன். கண்ணைத் திறந்தால் உன் அக்காள் உன் பக்கத்தில் நிற்கிறாள்.

"தம்பி, காணிக்கை குடுத்தது குடுத்த வீட்டு நடை ஏறப்பிடாது. நீயே கொண்டு போ."

நீ என்னைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். ஐம்பத்தெட்டு வயது, ரப்பர் வியாபாரம், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அக்காளுக்கு முன்னால் நிக்கர் போட்ட பையனாக ஆகிவிட்டாய். ஜீப்பில் ஏற்றினாய். கை காட்டினாய். சபை விருந்தில் போட்ட அசனச் சோறு எனக்கு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. "வீட்டுல குலை இல்லியா, தேங்கா இல்லியா, கிண்டிக் கிண்டி அதத்தான் குடுக்கணுமா?" என்றேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பாமலே சொன்னாள்.

"மிச்சம் மீதிய குடுக்கப்பிடாது, பிரியமானதக் குடுக்கணும்னு ஐயர் சொன்னாரு. இந்த வீட்டுல உங்களுக்குப் பிரியமானது எதுன்னு யோசிச்சேன். நான்னா நானே காணிக்கையா நடந்து போயிருப்பேன். அதுதான்னு தோணிச்சு."

அன்றிலிருந்து மூன்று வாரமாக இங்கே பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்கிறோம். உலை அணைந்து கிடக்கிறது. போக இடமில்லாமல் நான் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் கத்தி பிடிக்கிற கோணம் தப்பு, கேஸ் தீயில் நிறம் சரியில்லை என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை அடைகல்லை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பெயிண்டை நீயே சுரண்டி எடுக்க வேண்டும். உப்புத்தாள் இங்கிருந்து தரமாட்டேன். ஏலத்தொகையைப் பற்றிப் பேச்சு எடுக்காதே, அது உன் காணிக்கை, சபைப் பலகையில் உன் பெயர் எழுதி உன் புண்ணியம் முடிந்தது. ரோஜாவை எங்கே வைப்பது என்று பிரிஸில்லா கேட்டால் தரையில் வைக்கலாம் என்று சொல். ரோஜாவுக்குத் தரை போதும். நான் இறங்கி வருவேன் என்று அக்காளும் தம்பியும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

உன் ரப்பர் மரங்கள் பால் குறையாமலும், பிரிஸில்லாவின் முட்டுவலி தணிந்தும், உங்கள் வீட்டில் சமாதானம் இங்கே இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் இருக்க ஆண்டவர் அருள்செய்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
தே. நேசமணி

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் இரண்டு நாள் மேசைமேல் கிடந்தது. உன் அக்காள் படித்துவிட்டாள். கண்ணாடி போட்டு, முதலிலிருந்து கடைசி வரை. "இரும்புக்கு இத்தன பக்கம் எழுதியிருக்கிய, உங்களுக்குப் பிரியமானது எதுன்னு எனக்கு இன்னும் பதில் சொல்லல்லியே" என்றாள். நான், "நீதான்" என்றேன். "இத யோசிக்க மூணு ஆழ்ச்சையா?" என்று கேட்டாள். ஃபிரிட்ஜைப் பார்க்காமல் கேட்டாள். பிறகு சாயா போட்டுத் தந்து சொன்னாள்: "காணிக்கை ஆண்டவருக்குப் போயாச்சு. இரும்பு இப்பம் வன்னியனுக்கது. அவன் பிரியப்பட்டுக் குடுத்தா வாங்குகதுல தோஷம் ஒண்ணும் இல்ல. நான் அவன விளிச்சுச் சொல்லுகேன். நீங்க அடுக்களையில இருக்கது அந்த இரும்படிச் சத்தத்த விடப் பெரிய சத்தமாக்கும்."

ஆகவே மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வரவே இல்லை. நான் அடைகல்லைக் கேட்டதாக யாரிடமும், முக்கியமாகப் பிரிஸில்லாவிடம், சொல்லாதே. சனிக்கிழமை கொண்டுவரும்போது அக்காள் சொல்லித்தான் கொண்டுவந்தேன் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல். நான் வெளியே வந்து, வேண்டாம், திருப்பிக் கொண்டு போ என்று இரண்டு தடவை சொல்வேன். மூன்றாம் தடவை சொல்லமாட்டேன். அதற்குள் இறக்கிவிடு.