கண்ட்ரோல் ஷிஃப்ட் கொலு

“ஜானுக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது ரம்ஜானுக்கு நான் உங்களுக்குக் குடுத்த கண்ணாடி செட்டாச்சே?”

மூன்றாம் மாடி ஷகீலா தாம்பூலப் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கொலுப்படிக்கு முன்னால் நின்றிருந்த ஜானு சிரிக்கவில்லை. அவள் தலை மெதுவாக உள்ளறைப் பக்கம் திரும்பியது. அங்கே லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து பை நம்பர் சொல்லிக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெயராம் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“பரவால்லக்கா. எங்க வீட்டு கிளாஸெல்லாம் தௌசீஃப் ஒடச்சுத் தள்ளிட்டான். நமக்கு ஆகும்,” என்று ஷகீலா பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டு போனாள்.

நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது ஒரு பொருள் வைத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு வீட்டில் வாங்கியதைப் பிரிக்காமலே இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிடுவது மந்தைவெளியில் எல்லாருக்கும் தெரிந்த, யாருமே ஒப்புக்கொள்ளாத இன்னொரு வழக்கம். இதில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கொடுத்தவர் கைக்கே அது திரும்பிப் போகக் கூடாது.

அதற்காக ஜானு எக்செல்லில் ஒரு ஷீட் வைத்திருந்தாள். பை நம்பர், கொடுத்தவர், இந்த வருஷம் யாருக்கு என்று மூன்று பத்திகள். அலமாரியில் அறுபத்து மூன்று பைகள். மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து, யாரிடமிருந்து வந்தது யாருக்குப் போகலாம் என்று அவள் பொருத்தி வைத்திருந்தாள். ஜாதகப் பொருத்தம்கூட அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

ஜெயராம் அலுவலகத்தில் போன வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சி நடந்தது. மௌஸைத் தொடாமல், விசைகளை மட்டும் தட்டி எக்செல்லில் மின்னல் வேகத்தில் வேலை செய்வது எப்படி என்று ஒரு பையன் வந்து சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஜெயராமுக்கு மௌஸைத் தொடுகிறவர்களைப் பார்த்தாலே பரிதாபம். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, மத்தியானம் ஜானு குளிக்கப் போன நேரத்தில் அந்த ஷீட் அவர் கையில் கிடைத்தது.

வருகிறவர் பெயரைச் சட்டென்று கண்டுபிடிக்க வசதியாக, ‘யாருக்கு’ என்ற பத்தியின் உச்சியில் நின்று கண்ட்ரோல், ஷிஃப்ட், கீழம்பு மூன்றையும் சேர்த்து ஒரே அமுக்கு. பத்தி முழுக்கத் தேர்வானது. அகர வரிசையில் அடுக்கு என்றார். ‘பக்கத்துப் பத்திகளையும் சேர்த்தா?’ என்று எக்செல் ஏதோ கேட்டது. கேள்வி கேட்டால் வேகம் குறைகிறது என்று, படிக்காமலே வேண்டாம் சொல்லிவிட்டுச் சேமித்து மூடினார். பெயர்கள் மட்டும் இடம் மாறின. பைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“என்னன்னா பண்ணித் தொலைச்சேள்?” ஜானு உள்ளே வந்துவிட்டாள்.

“ஒண்ணுமில்லை. சின்ன சார்ட்டிங். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

“ஆறு மணிக்குக் காமாக்ஷி மாமி வரா. ஞாபகம் இருக்கோல்லியோ?”

ஞாபகம் இல்லாமல் என்ன? வருஷா வருஷம் கொலுவுக்கு வந்து போகிற பெசன்ட் நகர் காமாக்ஷி மாமியின் பிள்ளை சாய்சரணும் இவர்கள் பெண் ஹம்சினியும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், எலியட்ஸ் பீச்சில் ஏழெட்டுத் தடவை நடந்து, கல்யாணம் என்று முடிவே செய்துவிட்டார்கள். மாமியின் வாயிலிருந்து ஒரு ‘சரி’ மட்டும் வரவேண்டியிருந்தது. போன வருஷம் தான் கொடுத்த ரவிக்கைத் துணியைத் தனக்கே திருப்பிக் கொடுத்த ஒரு குடும்பத்தோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர் அந்த மாமி. அதற்குப் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுவார் என்று ஊரே பேசிக்கொண்டது.

“இனிமே நீங்க நம்பர் சொல்ல வேண்டாம். நானே என் போன்ல ஷீட்டைத் தொறந்து பாத்துக்கறேன். அதுக்குள்ள அதைப் பழையபடி ஆக்குங்கோ. கொழந்தை வாழ்க்கை,” என்று சொல்லிவிட்டு ஜானு போனாள்.

கண்ட்ரோல் இஸட் அடித்தார். மூடித் திறந்த ஷீட் அசைந்துகொடுக்கவில்லை. ஹம்சினியைக் கேட்டால் ஏதாவது வழி சொல்லுவாள். அப்பா மறுபடி ஷார்ட்கட்டா என்று சிரிக்கவும் சிரிப்பாள். கேட்கவில்லை.

யோசித்தார். ஒரு பத்தி கலைந்ததால்தானே குழப்பம்? மற்ற இரண்டையும் அதே மாதிரி அடுக்கிவிட்டால் எல்லாம் சமனாகிவிடும். பை நம்பரையும் கொடுத்தவர் பெயரையும் சேர்த்துப் பிடித்து, பெயரின் அகர வரிசையில் அடுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொடுத்தவர் அம்புஜம், யாருக்கு அம்புஜம். கொடுத்தவர் காமாக்ஷி, யாருக்கு காமாக்ஷி. கொடுத்தவர்களும் வாங்கப்போகிறவர்களும் அதே ஆட்கள்தான் என்பதால் மிச்சமிருந்த பைகளெல்லாம் அவரவர் வீட்டுக்கே கிளம்பத் தயாராக நின்றன.

 பெண்ணின் கல்யாணத்துக்குத் தானே உலை வைத்துவிட்டோமே என்று ஜெயராமுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

சரி, ‘யாருக்கு’ பத்தியை அடியோடு எடுத்துவிட்டு, நிதானமாக ஒவ்வொரு பெயராகக் கையாலேயே அடிப்போம். கண்ட்ரோல் ஸ்பேஸ், பத்தி தேர்வானது. கண்ட்ரோல் மைனஸ், பத்தி மறைந்தது. அது தானாகவே சேமித்தும் கொண்டது. முதல் பெயரை அடிக்க விரலைத் தூக்கியபோது வாசலில் மணி அடித்தது.

“வாங்கோ மாமி! வாங்கோ மாமா! ஆறு மணின்னேளே?”

“டிராஃபிக் இல்லை. அஞ்சுக்கே வந்துட்டோம்.”

காமாக்ஷி மாமியும், அவருக்குப் பின்னால் வாயே திறக்காத அவர் கணவர் சுந்தரராமனும், சாய்சரணும் வந்து உட்கார்ந்தார்கள். மாமி கொலுவைப் பார்த்தார், பாடினார், சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். ஹம்சினியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜானு நைஸாகப் போனைப் பார்த்தாள். ஷீட்டில் இப்போது பெயருக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது. அதில் காமாக்ஷி, முப்பத்தெட்டு. மேலே ‘கொடுத்தவர்’ என்றிருந்த தலைப்பை அவள் பார்க்கவில்லை. அப்பாடா, மனுஷர் சரி பண்ணிவிட்டார் என்று நிம்மதியாக அலமாரியைத் திறந்தாள்.

உள்ளறையிலிருந்து ஜெயராம் ஓடி வந்தார். “ஜானு, முப்பத்தெட்டு வேண்டாம்!”

மாமி கையில் பை ஏறிவிட்டிருந்தது.

“ஏன் வேண்டாம்?” என்றார் மாமி. “கனமா இருக்கே. பிரிச்சுப் பாக்கலாமோல்லியோ?”

பிரித்தார். செய்தித்தாள் சுற்று ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே மங்கலாக, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஒன்று.

மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்த பெயரைத் தடவினார்.

“இது எங்காத்து ஈயச்சொம்பு,” என்றார்.

 ஜானு சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஹம்சினி சாய்சரணைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“மாமி,” என்றார் ஜெயராம்.  “ஜானு மேல தப்பே இல்லை. நான்தான் ஷீட்டுல ஷார்ட்கட் போட்டுக் கெடுத்துட்டேன். என்னை என்ன வேணாச் சொல்லுங்கோ. கொழந்தையை மட்டும்...”

மாமி காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முகூர்த்தம் தை மாசத்துலயே பாத்துடுங்கோ. கொடுக்கல் வாங்கல் ஒண்ணும் வேண்டாம். எனக்கு இது போதும்,” என்றவர், ஹம்சினியின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடுவிடுவென்று லிஃப்ட்டைப் பார்த்து நடந்தார். ஜானு ஒன்றும் புரியாமல் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

செருப்பு மாட்டிக்கொள்ள வாசலில் பின்தங்கிய சுந்தரராமன் மாமா, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜெயராமின் கையை இறுகப் பிடித்தார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“ரெண்டு வருஷம் முன்னாடி நானும் எங்காத்து ஷீட்டுல கண்ட்ரோல், ஷிஃப்ட், கீழம்பு அடிச்சுத்தான் ஓய் பைகளோட பத்திரமா வெச்சிருந்த இந்தச் சொம்பு யார் ஆத்துக்கோ போச்சு, அன்னிலேர்ந்து எனக்கு ஆத்துல ரசம் கிடையாது.”