ரிவர்ஸ் கியரில் வந்த மாப்பிள்ளை

கரண்ட்டைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விசயந்தானுங்க. தொட்டா அடிக்கும். தொடாம இருந்தா வேலை செய்யும். (எட்டாவதுல திரும்பத் திரும்பப் பெயிலாகி, கடைசியில வாத்தியாரே கும்பிட்டுக் கேட்டுக்கிட்டதால பள்ளிக்கூடத்தை விட்டவன் நானு. இதுக்கு மேல அறிவு வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க.) இந்த ரெண்டை மட்டும் வெச்சுட்டு, சொட்டு பெட்ரோல் இல்லாம கரண்ட்டுலயே ஒரு காரை ஓட்டி, அதுல என்ற அக்காளைக் கட்டிக்கப்போற மாப்பிள்ளையையும் ஏத்துனேன்னா, என்ற மண்டைக்குள்ள எத்தனை வோல்ட்டு ஓடியிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

பெட்ரோல் வெலை எகிறிப்போன வருசமுங்க அது. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெசினுக்கு எண்ணெய் போடற வேலையில இருந்தேன். மெசினுக்குப் போட்டதை விட என்ற தலைக்குப் போட்டதுதான் அதிகம்னு அக்கா சொல்லுவா. அக்கா ருக்குமணியும் அதே கம்பெனிதான், பனியன் மடிச்சு அடுக்கற வேலை. கம்பெனிக்கு நேரெதுத்தாப்புல எங்க ஊடு. தெருவோட அந்தக் கோடியில புள்ளையார் கோயிலு. இந்தக் கதை மொத்தமும் அந்த ஒரே தெருவுலதான் நடக்குது. நடக்குதுன்னு சொல்றதா, முன்னயும் பின்னயும் போகுதுன்னு சொல்றதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

அக்காளுக்கு மாப்பிள்ளை குன்னத்தூர்ப் பக்கம் அமைஞ்சாரு. நல்ல மனுசன். வாயே தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து அவரோட அப்பா பேசுவாரு. அந்தப் பெரியவருக்கு மூஞ்சியில பாதி மீசை. அதனால நான் 'மீசை'ன்னே பேரு வெச்சுட்டேன். நீங்களும் அப்படியே வெச்சுக்கங்க, அவரு இதைப் படிக்க மாட்டாரு.

நிச்சயத்தன்னிக்கு மீசை எங்கப்பன்கிட்டச் சொன்னாரு: "சம்பந்தி, எனக்கு அது போடு, இது போடுன்னு ஒண்ணும் இல்லீங்க. மாப்பிள்ளை அழைப்பு மட்டும் கார்ல இருக்கோணும். எங்க பெரியவனைக் கார்லதான் அழைச்சாங்க. சின்னவன் நடந்து வந்தா எங்க சனம் சிரிக்குமுங்க."

"அதுக்கென்னங்க, ஜம்முனு அழைச்சரலாமுங்க," அப்படின்னு எங்கப்பன் ஒத்துக்கிட்டாரு. காரைப் பத்தி எங்கப்பனுக்குத் தெரிஞ்சது, ஹாரன் அடிச்சா ஒதுங்கோணுங்கறது மட்டுந்தான்.

பெரிய முகூர்த்தமுங்க அது. திருப்பூர்ல இருந்த வாடகைக் காரெல்லாம் வேற வேற கண்ணாலத்துக்குப் பேசி முடிஞ்சிருச்சு. மீசைகிட்டச் சொன்னா, "காரு இல்லைன்னா எம்பையன் கோயிலை உட்டு நகர மாட்டான்"னு பதில் வந்துது. எங்கப்பன் சோத்துல கையை வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு. "கண்ணாலம் நின்னா நிக்குது, நீங்க சாப்பிடுங்கப்பா"ன்னு அக்கா சிரிச்சுட்டுத்தான் சொன்னா. ஆனா அன்னிக்கு அவ மடிச்ச பனியனெல்லாம் கோணலா இருக்குதுன்னு கம்பெனியே பேசிக்கிச்சு. ருக்கு கைக்குக் கோணல் வந்து நான் பாத்ததே இல்லீங்க.

எங்க கம்பெனிச் செட்டுல வெள்ளைக்காரன் காலத்துக் காரு ஒண்ணு கெடந்துச்சு. கறுப்பு மேனி, ரெண்டு பக்கமும் யானைக் காது மாதிரி மட்காடு, மூக்குல வெள்ளிக் கம்பி. பின் சீட்டுல கோழி முட்டை போட்டுட்டிருந்துச்சு. நான் மொதலாளிகிட்டப் போய் நின்னேன்.

"ஏனுங்க, அந்தக் காரை எடுத்துக்கட்டுங்களா?"

"அதுக்கு எஞ்சின் செத்து எத்தனையோ வருசமாச்சு கண்ணு. எதை வெச்சு ஓட்டுவே?"

"மெசின் ஓட்டற மோட்டாரை வெச்சுங்க."

மொதலாளி சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு. "அப்போ தெரு நீளத்துக்கு ஒயரு இழுத்துட்டா ஓட்டுவே?"

அவரு கிண்டல் பண்ணுனாரு. நான் அதை ஐடியான்னு எடுத்துக்கிட்டேன்.

காரை எங்க ஊட்டுப் பொறவாசலுக்குத் தள்ளீட்டு வந்தோம். தோம்னா, நானும் மயில்சாமியும். மயிலு என்ற கூட வேலை பாக்கறவன். நான் என்ன சொன்னாலும் நம்பற ஒரே மனுசன். எஞ்சினைத் தூக்க முருங்கை மரத்துக் கொம்புல சங்கிலி கட்டி இழுத்தோம். எஞ்சின் அப்படியே இருந்துச்சு, மரம் வந்துருச்சு. (அந்த வருசம் பூரா எங்கம்மா முருங்கைக்காயைக் காசு குடுத்து வாங்குனா. ஒவ்வொரு காய்க்கும் என்னைத் திட்டுனா.) அப்பறம் வேப்ப மரத்துல கட்டி ஒருவழியா எடுத்தோம்.

எஞ்சின் இருந்த எடத்துல கம்பெனியில ஓரங்கட்டுன பழைய மோட்டாரை உக்கார வெச்சு, மோட்டாருக்குச் சின்னப் புல்லிச் சக்கரம், கியர்பாக்ஸுக்குப் பெரிய புல்லி, நடுவால பெல்ட்டு. கிளட்ச்சு இல்லாததால வண்டி நின்னாத்தான் கியரு மாத்த முடியும். மொதலாளி தோட்டத்துல கெணத்துக்கு இழுத்திருந்த ஒயரு சுருள் சுருளாக் கெடந்துச்சு. அதை வாங்கிக் கோத்துக் கோத்து, கம்பெனி மெயின் சுச்சுல இருந்து கோயில் வரைக்கும் எட்டற மாதிரி பண்ணுனோம். மெயினைப் போட்டா காரு போகும். அமத்துனா நிக்கும். மெயின்கிட்ட மயிலு நிப்பான். நான் கார்ல இருந்து பச்சைத் துண்டை ஆட்டுனா போடோணும், செவப்புத் துண்டை ஆட்டுனா அமத்தோணும். ரயில்வேக்காரன் தோத்தான் போங்க!

இங்க ஒண்ணு சொல்லீர்றேன். இந்த மாதிரி மோட்டாருக்கு மூணு ஒயரு போகும். அதுல எந்த ரெண்டு எடம் மாறுனாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். எங்கூர்ல இது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். கரண்ட் ஆபீஸ்காரங்க லைன்ல வேலை பாத்துட்டுப் போனாங்கன்னா, "சுத்து பாருங்கடா!"ன்னுதான் மொதலாளி மொதல்ல கத்துவாரு. பாக்காம ஓட்டுனா மெசின் ஊசியெல்லாம் ஒடைஞ்சு போகும். அதைப் பாக்கறதே என்ற வேலைதானுங்க. இதை மனசுல வெச்சுக்கங்க. நான் வெச்சுக்கலை.

மொத மொத ஓட்டிப் பாத்ததை எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. எங்கப்பன் அதுவரைக்கும் எங்களைத் திட்டிட்டேதான் இருந்தாரு. நான் பச்சைத் துண்டை ஆட்டுனேன். சத்தமே இல்லீங்க. பொகை இல்லை, ஒதறல் இல்லை. தேன்கூட்டுக்குப் பக்கத்துல காதை வெச்ச மாதிரி 'ம்ம்ம்'னு ஒரு முணுமுணுப்பு. அத்தாப்பெரிய இரும்பு, கோழி முட்டை போட்ட இரும்பு, தானா நகருது. நடக்கற ஆளு வேகத்துல, ரொம்ப மரியாதையா. எதைக் கண்டாலும் கேலி பேசற எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. திரும்பி எங்கப்பனைப் பாத்தேன். தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டீட்டு நின்னாரு. கோயில்ல சாமி வரும்போது மட்டும் அப்படிக் கட்டுவாரு.

அழைப்பன்னிக்குச் சாயங்காலம், கழுவித் தொடைச்சுப் பூமாலை போட்ட காரு புள்ளையார் கோயில் முன்னால நின்னுச்சு. மாப்பிள்ளை முன் சீட்டுல, பக்கத்துல நானு, பின்னால மீசை. மீசைக்கு மூஞ்சியெல்லாம் பெருமை. காரு கெளம்புச்சு. சத்தமில்லாம அது நகர்றதைப் பாத்து மேளக்காரங்களே ஒரு நிமிசம் அடிக்க மறந்துட்டாங்க. தெரு சனம் கன்னத்துல போட்டுக்குது. மாப்பிள்ளையூட்டு ஒறவுக்காரப் பெரியவர் ஒருத்தர் குனிஞ்சு சக்கரத்துக்கு அடியில பாத்துட்டு, "தம்பி, உள்ள என்ன சாமி இருக்குது?"ன்னாரு.

"ரெண்டு பேரு படுத்துட்டே மிதிக்கறாங்கய்யா. வேத்துப் போயிருக்கும், கொஞ்சம் விசிறி உடுங்க," அப்படின்னேன். மனுசன் நெசமாவே மேல்துண்டால விசிறிட்டு வந்தாரு.

பாதித் தெரு தாண்டுனோம். அங்கதான் கூட்டத்துல யாரோ காலு ஒயர்ல தடுக்கி, கம்பெனி மெயின்ல இருந்து மூணு ஒயரும் புடுங்கிக்கிச்சு. காரு நின்னு போச்சு.

"தள்ளீரலாமுங்க," அப்படின்னு யாரோ சொன்னாங்க.

"தள்ளீட்டுப் போறதுக்கு மாட்டு வண்டியே போதுமே!" அப்படின்னு மீசை சீறுனாரு.

நான் எறங்கிக் கம்பெனிக்கு ஓடுனேன். மயிலு ஒயரைக் கையில வெச்சுட்டுத் திருதிருன்னு முழிக்கறான். "எது எதுலடா இருந்துச்சு? மூணும் ஒரே மாதிரி இருக்குதே!"

"மூணு ஒயரு, மூணு எடம், இதுல என்றா கணக்கு? எதையாச்சும் எதுலயாச்சும் மாட்டித் தொலைடா!"

(சுத்து பாக்கறதே என்ற வேலைன்னு சொன்னேனுங்களா? சொன்னேன்.)

ஓடியாந்து உக்காந்து, கூட்டத்தை விலக்கிப் பச்சைத் துண்டை ஆட்டுனேன். 'ம்ம்ம்'னு சத்தம் வந்துது. காரு நகந்துச்சு. ஆனா எங்க ஊடு கிட்ட வர்றதுக்குப் பதிலா, எட்ட எட்டப் போகுது!

பின்னால சீர்த்தட்டு தூக்கிட்டு வந்த பொம்பளைங்க "அய்யோ அம்மா"ன்னு ரெண்டு பக்கமும் ஒதுங்குனாங்க. பிரேக்கை மிதிச்சேன். அது மோட்டாருக்குக் காலு புடிச்சு உட்ட மாதிரி, இன்னும் சொகமாப் போகுது. செவப்புத் துண்டை ஆட்டுனேன். கூட்டம் மறைச்சதுல மயிலுக்குத் துண்டும் தெரியலை, காரும் தெரியலை. சனம் கத்தறதைச் சந்தோசம்னு நெனைச்சு அங்கிருந்து விசில் அடிக்கறான். மேளக்காரங்களுக்கு மாப்பிள்ளை போற பக்கம் மேளம் போகோணுமாம். அடிச்சுட்டே எங்களைத் தொரத்தீட்டு வர்றாங்க. மாப்பிள்ளையோ கழுத்துல மாலையோட, பொண்ணூட்டையே பாத்துட்டு, ரயிலேறி ஊருக்குப் போற ஆளாட்டம் பின்னால பின்னால போய்ட்டே இருக்கறாரு.

கோயில் வாசலே வந்துருச்சு. அப்ப டக்குனு காரு நின்னுச்சு. எட்டிப் பாத்தா, தெருவோட அந்தக் கோடியில, கம்பெனி வாசல்ல, பட்டுப் பொடவையோட எங்கக்கா. கண்ணாலப் பொண்ணே ஓடிப்போய் மயிலைத் தள்ளிப்போட்டு மெயினை அமத்தீட்டா.

"எறங்குடா!" மீசை கதவைத் தொறந்துட்டாரு. "கோயில்ல பொறப்பட்ட மாப்பிள்ளை திரும்பி வந்தா என்ன அர்த்தம்? புள்ளையாரே வேண்டாங்கறாரு. கெளம்புங்க, ஊருக்குப் போலாம்!"

எங்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னாரு. எனக்கு, மானம் போனதை விட, அந்தக் கும்பிட்ட கையைப் பாக்க முடியலீங்க.

அப்பத்தான் தெரு சனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி உட்டுச்சு. அக்கா நடந்து வர்றா. கண்ணாலப் பொண்ணு தெருவுல நடந்து மாப்பிள்ளைகிட்ட வர்றதை யாரு பாத்திருக்கறாங்க? நேரா மீசை முன்னால வந்து நின்னா.

"மாமா, அவிய திரும்புனாங்களா?"

"பின்ன? இங்க வந்து நிக்கறது தெரியலையா?"

"வண்டி வந்துதுங்க. அவிய திரும்பலீங்களே. அவிய மூஞ்சி கடைசி வரைக்கும் எங்கூட்டுப் பக்கந்தானுங்க பாத்துட்டிருந்துச்சு. வேணும்னா அவியளையே கேளுங்க."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பாத்தோம். பொண்ணு பாத்த நாள்ல இருந்து வாயே தொறக்காத மனுசன், மொதத் தாட்டியாத் தொறந்தாரு: "ஆமாங்கப்பா. கண்ணைக்கூட எடுக்கலீங்க."

எவனோ ஒருத்தன் புசுக்குனு சிரிச்சான். அப்பறம் தெருவே சிரிச்சுது. மாப்பிள்ளைக்குக் காதெல்லாம் செவந்து போச்சு. "நான் எறங்க மாட்டனுங்க," அப்படின்னாரு. "போனா இந்த வண்டியிலதான் போவனுங்க. இது மாதிரி ஒண்ணுல நான் ஏறுனதே இல்லீங்க." மீசை மறுபடியும் பின் சீட்டுல ஏறி, டமார்னு கதவைச் சாத்திக்கிட்டாரு.

அக்கா என்ற காதுகிட்டக் குனிஞ்சா. "டேய், எதிர்ச்சுத்துச் சுத்துதுடா எருமை."

"ஒயரை மாத்தோணுக்கா. இரு, ஓடிப்போய்…"

"நீ போய்ட்டு வர்றதுக்குள்ள இவிய மனசு மாறீரும். எதிர்ச்சுத்துல முன் கியர் பின்னால போச்சுன்னா, பின் கியர் எங்கடா போகும்?"

நான் வாயைப் பொளந்துட்டு அவளைப் பாத்தேன். அவ திரும்பிக் கம்பெனிக்கு நடந்து போயிட்டா.

ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பச்சைத் துண்டை ஆட்டுனேன். அந்தக் கோடியில எங்கக்கா மெயினைப் போட்டா.

'ம்ம்ம்'னுச்சு. காரு முன்னால போச்சுங்க! கியரு பின்னால, வண்டி முன்னால. மேளம்கூட மெதுவாத்தான் அடிச்சாங்க. வீதி வெளக்கு எரியற நேரம். வெள்ளி மூக்கு மின்ன, அந்தக் கறுப்பு யானை எங்கக்கா கையில இருந்த ஒயரைப் புடிச்சுட்டு, அவ இழுக்க இழுக்க அவளைப் பாத்துப் போற மாதிரியே இருந்துச்சு. கண்ணாடியில மீசையைப் பாத்தேன். மேல்துண்டை எடுத்து இடுப்புல கட்டீட்டிருந்தாரு.

ஊட்டு முன்னால நின்னதும் என்ற தோளைத் தொட்டாரு. திட்டப்போறாருன்னு நெனைச்சேன். "தம்பி, எங்க தோட்டத்துக்கு இப்படி ஒண்ணு பண்ணித் தருவயா?"

"தருவனுங்க. போறதுக்கா, வர்றதுக்காங்க?" அப்படின்னேன். நல்லவேளை, ஆரத்தி சத்தத்துல அவருக்குக் கேக்கலை.

அக்காளுக்கு இப்ப நாலு வயசுல பொண்ணு இருக்குது. மச்சான் இப்பக்கூடப் பேச்சுக் கொறைச்சல்தான். கோவம் வந்தா மட்டும், "நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்"னு சட்டையை மாட்டுவாரு. அக்கா தடுக்கவே மாட்டா. அடுப்புகிட்ட இருந்துட்டே சொல்லுவா: "போங்க, தாராளமாப் போங்க. மூஞ்சி மட்டும் இந்தப்பக்கமே இருக்கட்டும்."

மச்சான் கொஞ்ச நேரம் முறைப்பாரு. அப்பறம் அவளையே பாத்துட்டு, பின்னால பின்னால அடியெடுத்து வெச்சு வாசல் வரைக்கும் போவாரு. அந்தக் குட்டி ஓடியாந்து மெயின் சுச்சைத் தட்டற மாதிரி அவரோட வயித்துல ஒரு தட்டுத் தட்டும். மனுசன் 'ம்ம்ம்'னு முணுமுணுத்துட்டே முன்னால நடந்து வந்து சாப்பிட உக்காந்துக்குவாரு.