சாக்பீஸ் மாமாவின் சாப்பாட்டுப் பலகை

நாற்பது பேரின் பசியை ஒரு சுண்ணக்கட்டியால் தடுத்து நிறுத்தும் ஆற்றல் பம்பாய் மாநகரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருடைய இயற்பெயரை மாதுங்காவில் எவரும் அறியார். சாக்பீஸ் மாமா என்றால் தாதர் வரை தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் உண்ட மெஸ்ஸின் வாயிலில், அன்றைய உணவை ஒரு கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி வைப்பார் உரிமையாளர் சாமி. உண்பவரும் தமிழர், பரிமாறுபவரும் தமிழர். ஆயினும் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்வோருக்கு ஆங்கிலமின்றிச் சோறு இறங்காது என்பது சாமியின் துணிபு.

மாமா கப்பல் நிறுவனமொன்றில் கடிதங்களைத் திருத்தியே ஓய்வு பெற்றவர், தனியர். பலகையில் பிழை இருந்தால் இலைமுன் அமர மாட்டார். மூத்தவர் இலையில் அன்னம் விழுமுன் பிறர் இலையில் விழலாகாது என்பது சாமியின் விதி. ஆகவே மாமா நின்றால் பந்தியே நிற்கும்.

“ரைஸ் ஆன் சாம்பாராம்! சாம்பார் மேல சாதம் ஏறி உக்காந்துண்டிருக்கா, சாமி? ‘வித்’ போடும்!”

“என்னமோ போட்டுக்கோங்கோ மாமா! ஒம்போது அஞ்சு லோக்கல் போயிடுத்துன்னு இவா என்னைப் பிடிச்சுத் திங்கறா!”

“திங்கட்டும். எதோட திங்கறான்னு சரியா எழுதும்.”

ஒருநாள் கூட்டுக்கு நேரே ‘வெஜிடபிள்ஸ்’ என்று கண்டு, அகப்பையால் அண்டாவையே துழாவினார். பூசணியன்றி வேறில்லை. “ஒரே காய்தானே இருக்கு? ‘எஸ்’ஸை அழியும், இல்லேன்னா இன்னொரு காயைப் போடும்.” எழுதியதை அழிப்பது இழுக்கெனக் கருதிய சாமி, மறுநாள் முதல் பீன்ஸும் சேர்த்தார். ஆங்கில இலக்கணத்தால் எனக்குக் கிட்டிய ஒரே நற்பயன் அதுவே.

நாள்தோறும் வண்டியைத் தவறவிட்டு, மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுக் களைத்தேன். ஒற்றுப்பிழை கண்டால் உறக்கம் கெடும் எனக்கே மாமாவின் திருத்தம் அலுத்தது. ஏழு நாள் உணவையும் மாமாவிடமே காட்டித் திருத்தி, அழியா வண்ணத்தில் எழுதிவிடலாம் என்று சாமிக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். தாராவியிலிருந்து பெயர்ப்பலகை எழுதுபவர் வந்தார். மாமா அருகில் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்.

மறுநாள் சோறு உரிய நேரத்தில் விழுந்தது. மாமா வரவில்லை. ஒரு வாரமாகியும் வரவில்லை.

அவருடைய அறைக்குச் சென்றேன். கழுத்தெலும்பு தெரிய, தேநீரில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா வரதில்லை?”

“பலகைதான் சரியாயிடுத்தே. அங்க எனக்கென்ன ஜோலி? பசியும் தெரியலை.”

செய்தியைச் சாமியிடம் சொன்னேன். அவர் பழைய கரும்பலகையைத் துடைத்து, ‘இன்றைய சிறப்பு’க்கென்று தனியே மாட்டினார்.

“நினைச்சுத் தப்புப் பண்ண எனக்கு வரலை ஓய். நீர் படிச்சவர், நீரே ஒண்ணு போடும்.”

பிழையைப் பாவமென்று எண்ணி வளர்ந்த கையால், ‘பாயசம் ஆன் கேஷ்யூநட்’ என்று எழுதினேன். பலகையில் பிழை இருப்பதாக மாமாவின் காதிலும் போட்டு வைத்தேன். வந்து நின்றார்.

“எந்த மூடன்யா இது? ஒத்தை முந்திரி, அது மேல பாயசமா?”

சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டி வெளிவந்தது. ‘வித்’ இட்டார், முந்திரியைப் பன்மையாக்கினார், கைகழுவி அமர்ந்தார். இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

அன்றும் எனக்கு வண்டி தவறியது. அடுத்த வண்டிக்காக நடைமேடையில் நின்றபடி, மறுநாளைக்கு என்ன பிழை செய்யலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.